நட்சத்திர மண்டலங்களின் காந்தம்: முதுசமா, தேடிய தேட்டமா?

யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டம் சொத்துக்களை மூன்றாக வகுக்கிறது. முன்னோர் வழியாக வந்தது முதுசம். மணமகளுக்குக் கொடுக்கப்பட்டது சீதனம். மணவாழ்க்கையின் போது ஈட்டப்பட்டது தேடிய தேட்டம். 1707 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் இந்த வழமைகளைத் தொகுத்து எழுத்தில் வைத்தார்கள். 'இந்தக் காணி முதுசமா, தேடிய தேட்டமா' என்ற கேள்வியோடு எங்கள் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கிய குடும்பங்கள் எத்தனையோ.

வானியலாளர்களும் ஏறக்குறைய இதே வழக்கை முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக நடத்தி வருகிறார்கள். வழக்கிற்குரிய சொத்து, காந்தப் புலம். எங்கள் பால்வீதியும் அதைப் போன்ற ஏனைய நட்சத்திர மண்டலங்களும் (பாடப் புத்தகங்களில் 'கலக்சி' என்று வருபவை) காந்தப் புலத்தால் முழுவதும் ஊடுருவப்பட்டிருக்கின்றன. அந்தப் புலம் பிரபஞ்சம் பிறந்த கணங்களிலேயே தோன்றி, பின்னர் உருவான மண்டலங்களுக்கு வழிவழியாக வந்து சேர்ந்ததா? அல்லது ஒவ்வொரு மண்டலமும் தனது சுழற்சியாலும் கொந்தளிப்பாலும் தானே ஈட்டிக்கொண்டதா?

நான் விஞ்ஞானம் படித்தவனல்லன். கலைப்பீடத்தில் பட்டம் பெற்று, செய்தி மேசைகளில் காலத்தைக் கழித்தவன். ஆயினும், காந்தப் புலத்தின் மர்மம் துலங்கிவிட்டது என்ற தொனியிலான செய்திகள் சில ஆண்டுகளுக்கு ஒரு தடவை வெளியாவதைக் கவனித்து வந்திருக்கிறேன். ஒரு தடவை துலங்கிய மர்மம் மீண்டும் மீண்டும் எவ்வாறு துலங்குகிறது என்ற ஐயமே இந்த வரலாற்றைத் தேடிப் படிக்க என்னைத் தூண்டியது. அதில் தமிழர் ஒருவருக்கு உள்ள பங்கு எங்கள் பத்திரிகைகளில் அதிகம் எழுதப்படாதது என்பதால் அதனையும் இங்கு பதிவு செய்ய விரும்புகிறேன்.

சூரியனில் தொடங்கிய கதை

பூமி ஒரு பெருங் காந்தம் என்று இங்கிலாந்தின் வில்லியம் கில்பேர்ட் 1600 ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். பூமிக்கு அப்பாலும் காந்தப் புலம் உண்டு என்பதற்கான முதலாவது சான்று கிடைக்க அதன் பின்னர் மூன்று நூற்றாண்டுகள் சென்றன. காந்தப் புலத்தில் அகப்பட்ட வாயு வெளியிடும் ஒளியின் நிறமாலைக் கோடுகள் பிரிகின்றன என்பதை ஒல்லாந்து விஞ்ஞானி பீற்றர் சீமன் 1896 இல் கண்டறிந்தார். அதே பிரிவை 1908 இல் சூரியப் புள்ளிகளின் ஒளியில் கண்டவர் அமெரிக்காவின் ஜோர்ஜ் எலரி ஹேல்.

சூரியன் கொதிக்கும் வாயுக் கோளம். அந்த வெப்பத்தில் எந்த நிரந்தரக் காந்தமும் நிலைத்திராது. அப்படியானால் அங்கே காந்தம் எங்கிருந்து வந்தது? மின்னைக் கடத்தும் பாயம் காந்தப் புலத்தினூடாக ஓடும் போது மின்னோட்டம் பிறக்கிறது, அந்த மின்னோட்டமே மீண்டும் காந்தத்தைப் பேணுகிறது என்று 1919 இல் ஜோசப் லார்மர் ஒரு கருத்தை முன்வைத்தார். சுருக்கமாகச் சொன்னால், சூரியன் ஒரு டைனமோ.

டைனமோவை எங்கள் மக்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1990களில் மின்சாரமின்றிக் கிடந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் பிறந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டவர்கள் பலர். அந்தச் சிறிய டைனமோவின் உள்ளே நிரந்தரக் காந்தம் ஒன்று இருக்கிறது. ஆனால் 1866-67 காலப்பகுதியில் வேர்னர் வொன் சீமென்ஸ் முதலானோர் உருவாக்கிய மின்பிறப்பாக்கிகளுக்கு அது தேவைப்படவில்லை. இரும்பில் எஞ்சியிருக்கும் சொற்பக் காந்தம் சிறிய மின்னோட்டத்தைத் தோற்றுவிக்கும். அந்த மின்னோட்டம் காந்தத்தை வலுப்படுத்தும். வலுப்பெற்ற காந்தம் மேலும் கூடிய மின்னோட்டத்தைத் தரும். நீண்ட காலம் ஓடாமல் கிடந்த அத்தகைய இயந்திரம் எஞ்சிய காந்தத்தை இழந்துவிட்டால், எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் மின்சாரம் வராது. பற்றரியைத் தொடுத்துச் சிறிது காந்தம் ஊட்டிய பின்னரே அது உயிர்பெறும்.

ஆக, இத்தகைய டைனமோவிற்கு வேண்டியவை இரண்டு. ஒன்று சுழற்சி, மற்றது விதை. இந்த இரண்டையும் வாசகர்கள் மனதில் இருத்திக்கொள்ள வேண்டும். நட்சத்திர மண்டலங்களின் வழக்கு முழுவதும் இவற்றைச் சுற்றியே நடக்கிறது.

லார்மரின் கருத்திற்கு 1933 இல் தோமஸ் கவுலிங் ஒரு பெருந் தடையை எழுப்பினார். அச்சைச் சுற்றி முற்றிலும் சமச்சீராக அமைந்த காந்தப் புலத்தை எந்த டைனமோவும் பேணிக்காக்க முடியாது என்பதைக் கணித ரீதியாக அவர் நிறுவினார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இந்தத் தேற்றம் டைனமோக் கொள்கையின் வாயிலை அடைத்து நின்றது.

தேடியது ஒன்று, கிடைத்தது வேறொன்று

நட்சத்திரங்களுக்கு இடையிலான வெளியிலும் காந்தப் புலம் இருக்க வேண்டும் என்று 1937 இலேயே சொன்னவர் சுவீடனின் ஹன்ஸ் அல்வேன். அண்டக் கதிர்களைத் தடுத்து வைத்திருக்க அத்தகைய புலம் தேவை என்பது அவரது வாதம். அக்கருத்தை அன்று பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. 1949 ஆம் ஆண்டு நிலைமையை மாற்றியது.

லாகூரில் 1910 இல் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, கேம்பிரிட்ஜ் சென்று, 1937 முதல் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர் சுப்ரமணியன் சந்திரசேகர். வெப்பமிகு நட்சத்திரங்களின் விளிம்பிலிருந்து வரும் ஒளி, இலத்திரன்களால் சிதறடிக்கப்படுவதால், முனைவாக்கம் பெற்றிருக்க வேண்டும் என்று அவர் 1946 இல் கணித்தார். முனைவாக்கம் என்பது ஒளியலைகள் எல்லாத் திசைகளிலும் அதிராமல் ஒரு திசையில் கூடுதலாக அதிர்வதாகும். ஒன்றையொன்று மறைத்துச் சுற்றும் இரட்டை நட்சத்திரங்களில் இதனைச் சோதித்துப் பார்க்கலாம். ஒன்று மற்றொன்றை மறைக்கும் வேளையில் விளிம்பின் ஒளி மட்டும் எஞ்சும் அல்லவா?

அமெரிக்க வானியலாளர்களான வில்லியம் ஹில்ட்னர், ஜோன் ஹோல் ஆகிய இருவரும் இந்தச் சோதனையில் இறங்கினார்கள். ஆரம்பத்தில் கூட்டாகவும் பின்னர் தனித்தனியாகவும் அவதானித்தார்கள். முனைவாக்கம் இருந்தது. ஆனால் அது இருக்க வேண்டிய விதத்தில் இருக்கவில்லை. மறைப்பு நேரத்திலும் ஏனைய நேரத்திலும் அது மாறவில்லை. இரட்டையல்லாத சாதாரண நட்சத்திரங்களிலும் அது தென்பட்டது. இடையில் உள்ள தூசு அதிகரிக்க முனைவாக்கமும் அதிகரித்தது. அதாவது, நட்சத்திரத்துக்கும் எங்களுக்கும் இடைப்பட்ட வெளியில்தான் ஒளி இந்த மாற்றத்தை அடைந்திருந்தது. 1949 பெப்ரவரியில் இருவரது முடிவுகளும் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளியாகின.

1951 இல் லெவரெட் டேவிஸ், ஜெஸ்ஸி கிரீன்ஸ்டைன் ஆகியோர் விளக்கம் தந்தார்கள். விண்வெளித் தூசுத் துணிக்கைகள் நீண்ட வடிவானவை. காந்தப் புலம் அவற்றை ஓர் ஒழுங்கில் நிறுத்துகிறது. ஒழுங்காக நிற்கும் துணிக்கைகளினூடாக வரும் ஒளி முனைவாக்கம் பெறுகிறது. பால்வீதியின் காந்தப் புலத்தை மனிதன் முதன்முதலில் 'கண்டது' இவ்வாறுதான். சந்திரசேகர் கணித்த விளைவு மறைப்பு இரட்டை நட்சத்திரமொன்றில் 1983 இல் தான் அவதானிக்கப்பட்டது. அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததும் அதே ஆண்டில்தான்.

1949 இலேயே என்றிக்கோ பேர்மி, அண்டக் கதிர்கள் விண்வெளியின் நகரும் காந்த முகில்களில் மோதி மோதியே வேகம் பெறுகின்றன என்ற புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். 1952-53 காலத்தில் பேர்மியும் சந்திரசேகரும் சிக்காகோவில் வாரந்தோறும் சந்தித்து வானியற் பௌதிகப் பிரச்சினைகளைப் பற்றி உரையாடி வந்தார்கள். அந்த உரையாடல்களின் பயனாக 1953 இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. தூசு காட்டும் காந்தக் கோடுகள் எவ்வளவு தூரம் நேர்கோட்டிலிருந்து பிசகி நிற்கின்றன என்பதைக் கொண்டே காந்தத்தின் வலிமையை அளவிடும் வழி அதில் சொல்லப்பட்டது. வாயுவின் கொந்தளிப்பு கோடுகளை அசைக்கும். வலிய காந்தம் குறைவாக அசையும், மெலிந்த காந்தம் கூடுதலாக அசையும். இந்த எளிய நியாயத்தால் அவர்கள் பெற்ற விடை, ஒரு கவுஸின் பத்து இலட்சத்தில் சுமார் ஏழு பங்கு.

அது பூமியின் மேற்பரப்பிலுள்ள காந்தப் புலத்தின் ஏறத்தாழ இலட்சத்தில் ஓரிரு பங்கு. எழுபது ஆண்டுகளின் பின்னர் நவீன கருவிகள் தரும் அளவும் இதற்கு அண்மையிலேயே நிற்கிறது. டேவிஸும் தனித்து 1951 இல் இதே வழியைக் கண்டிருந்ததால், டேவிஸ்-சந்திரசேகர்-பேர்மி முறை என்ற பெயரில் இன்றும் அது கையாளப்படுகிறது. வெண்குறு நட்சத்திரங்களின் எல்லையைக் கணித்தவர் என்று மட்டுமே சந்திரசேகரை நினைவுகூரும் எங்கள் பத்திரிகைகள் இதனையும் சேர்த்து எழுத வேண்டும்.

முதுசக் கட்சியும் தேட்டக் கட்சியும்

காந்தம் இருப்பது உறுதியானதும் அது வந்த வழி பற்றிய வழக்கு ஆரம்பமாயிற்று.

முதுசக் கட்சிக்கு வலுவான ஆதாரம் அல்வேனிடமிருந்தே கிடைத்தது. நன்கு மின் கடத்தும் வாயுவில் காந்தக் கோடுகள் உறைந்து போனவை போலிருக்கும். ஓடும் நீரில் நீர்ப்பாசி இழைகள் அதனோடு வளைவது போல, வாயு போகும் இடமெல்லாம் கோடுகளும் போகும். 1940களில் அல்வேன் சொன்ன இக்கோட்பாடும் அதனைச் சார்ந்த ஆய்வுகளும் 1970 இல் அவருக்கு நோபல் பரிசைப் பெற்றுத் தந்தன. நட்சத்திர மண்டலம் மிகப் பெரியது. ஆதலால் அதன் மின்னோட்டம் தானாகத் தேய்ந்து அழியப் பிரபஞ்சத்தின் வயதிலும் நீண்ட காலம் வேண்டும். ஆதியில் காந்தம் இருந்திருந்தால் அது இன்றும் இருக்கும். மண்டலம் சுருங்கி உருவான போது கோடுகளும் நெருங்கி வலுப்பெற்றிருக்கும். புதிதாக ஈட்ட வேண்டிய தேவை என்ன என்று அவர்கள் கேட்டார்கள். அவுஸ்திரேலியாவின் பிடிங்டன் இவ்வணியின் விடாப்பிடியான வாதியாக விளங்கினார்.

தேட்டக் கட்சியின் மறுமொழி மண்டலத்தின் சுழற்சியிலிருந்தே வந்தது. பால்வீதி ஒரு தட்டுப் போல மொத்தமாகச் சுழல்வதில்லை. உட்பகுதி விரைவாகவும் வெளிப்பகுதி தாமதமாகவும் சுற்றி முடிக்கின்றன. சூரியன் ஒரு சுற்றை முடிக்க ஏறத்தாழ 23 கோடி ஆண்டுகள் எடுக்கிறது. ஆயிரம் கோடி ஆண்டுகளில் நாற்பதுக்கும் மேற்பட்ட சுற்றுக்கள். உறைந்த கோடுகள் இத்தனை சுற்றுக்களில் நூற்கட்டையில் சுற்றிய நூல் போல நெருங்கிச் சுருண்டு, அடுத்தடுத்த கோடுகள் எதிரெதிர்த் திசைகளில் அமைந்து, கொந்தளிப்பில் கலந்து ஒன்றையொன்று அழித்திருக்கும். முதுசம் இருந்திருந்தாலும் அது எப்போதோ கரைந்திருக்கும் என்பது அவர்களது வாதம்.

தேட்டக் கட்சியின் தலைவர் என்று சொல்லத்தக்கவர் சிக்காகோவின் யூஜின் பார்க்கர். 1955 இல் அவர் கவுலிங் அடைத்த வாயிலுக்குப் பக்கத்தில் இன்னொரு வழி இருப்பதைக் காட்டினார். சுழலும் கோளத்தில் மேலெழும் வாயு நேராக எழாது, முறுகிக்கொண்டே எழும். 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை அனுபவித்தவர்களுக்குச் சுழன்றெழும் காற்றைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. அத்தகைய ஆயிரக்கணக்கான சிறு சுழல்கள் காந்தக் கோடுகளைத் தூக்கி முறுக்குகின்றன. சமச்சீர் உடைகிறது. கவுலிங்கின் தேற்றம் இங்கே செல்லுபடியாகாது. வேறுபட்ட சுழற்சி கோடுகளை இழுத்து நீட்ட, சுழல்கள் அவற்றைப் புதிய வளையங்களாக மாற்ற, காந்தம் வட்டிக்கு வட்டியாகப் பெருகுகிறது.

பார்க்கருக்கும் சந்திரசேகருக்கும் இடையிலான ஒரு நிகழ்வையும் சொல்ல வேண்டும். சூரியக் காற்று என்ற ஒன்று வீசுகிறது என்று பார்க்கர் எழுதிய கட்டுரையை மதிப்பீட்டாளர் இருவர் நிராகரித்தனர். 'அஸ்ட்ரோபிசிக்கல் ஜேர்னல்' சஞ்சிகையின் ஆசிரியராயிருந்த சந்திரசேகருக்கும் அக்கருத்தில் ஐயம் இருந்தது. ஆனால் கணிதத்தில் பிழை காண முடியாததால் 1958 இல் அதனைப் பிரசுரித்தார். சில ஆண்டுகளிலேயே விண்கலங்கள் அதனை மெய்ப்பித்தன. தமக்கு உடன்பாடில்லாத ஒன்றையும் குற்றம் காண முடியாதவிடத்துப் பிரசுரிக்கும் பண்பு பத்திரிகை ஆசிரியர்களுக்கும் உரியதாக வேண்டும்.

கிழக்கு ஜேர்மனியில் ஸ்ரீன்பெக், கிரவுசே, றேட்லர் ஆகிய மூவரும் 1966 இல் இதே கொள்கைக்கு முறையான கணித வடிவம் கொடுத்தார்கள். ஜேர்மன் மொழியில் வந்த அந்த ஆய்வுகள் 1971 இல் தான் ஆங்கிலத்தில் கிடைத்தன. அதே 1971 இல் அமெரிக்காவில் பார்க்கரும், சோவியத் யூனியனில் வைன்ஸ்ரைன், றுஸ்மைக்கின் ஆகியோரும் ஒருவரையொருவர் சாராது இக்கொள்கையை நட்சத்திர மண்டலங்களுக்குப் பொருத்திக் காட்டினார்கள்.

வானொலி அலைகள் சொன்ன சாட்சி

வழக்கிற்குச் சாட்சி வேண்டும். காந்தப் புலத்தினூடாகச் செல்லும் ஒளியின் முனைவாக்கத் திசை திரும்புகிறது என்பது 1845 இல் மைக்கல் பரடே கண்ட உண்மை. 1962 இல் அவுஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியைக் கொண்டு கூப்பர், பிறைஸ் ஆகியோர் சென்ரோரஸ் ஏ என்ற மண்டலத்தின் வானொலி அலைகளில் அந்தத் திருப்பத்தைக் கண்டார்கள். எவ்வளவு திரும்பியது என்பது காந்தத்தின் வலிமையையும், எப்பக்கம் திரும்பியது என்பது அதன் திசையையும் உணர்த்தும்.

ஜேர்மனியின் எஃபல்ஸ்பேர்க்கில் 100 மீற்றர் விட்டமுள்ள தொலைநோக்கி 1970களில் இயங்கத் தொடங்கிய பின்னர், 25 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவிலுள்ள அன்ட்ரொமீடா மண்டலம் ஆராயப்பட்டது. அதன் பெரிய வளையத்தில் காந்தப் புலம் ஒரே திசையில் சுற்றிவருவது 1980களின் தொடக்கத்தில் தெரியவந்தது. பல சுருள் மண்டலங்களில் காந்தக் கோடுகள் சுருள் கைகளின் சாய்வை ஒட்டியே செல்வதும் தெரிந்தது. நாற்பது தடவை சுருண்ட நூற்கட்டையின் தோற்றம் எங்கும் காணப்படவில்லை. தேட்டக் கட்சியின் கை ஓங்கியது.

பாயம் ஒன்று காந்தத்தைத் தானே ஈட்டும் என்பதை ஆய்வுகூடத்தில் காட்டவும் முடிந்தது. லத்வியாவின் ரீகா நகரில் 1999 நவம்பரில், உருகிய சோடியத்தை வேகமாகச் சுழற்றிய போது காந்தப் புலம் தானாக எழுந்து வளர்ந்தது. அங்கே நிரந்தரக் காந்தம் எதுவும் இருக்கவில்லை.

விதை எங்கே?

இத்துடன் வழக்கு முடிந்திருக்க வேண்டும். ஆனால் சுழற்சி இருந்தாலும் விதை இன்றி டைனமோ இயங்காது என்பதை முன்னரே பார்த்தோம். பூச்சியத்தை எத்தனை தடவை பெருக்கினாலும் பூச்சியமே.

ஜேர்மனியின் லுட்விக் பியர்மான் 1950 இல் ஒரு வழியைக் காட்டியிருந்தார். வாயுவில் இலத்திரன்கள் இலேசானவை, அயன்கள் பாரமானவை. அழுக்கமும் அடர்த்தியும் வெவ்வேறு திசைகளில் மாறும் இடத்தில் இலத்திரன்கள் விலகி ஓட, சிறு மின்னோட்டம் சுற்றத் தொடங்கும். ஒன்றுமில்லாத இடத்தில் காந்தம் பிறக்கும். இதனைப் பியர்மான் பற்றரி என்பார்கள். 2012 இல் லேசர் ஆய்வுகூடமொன்றில் இது செய்து காட்டப்பட்டது. ஆனால் இவ்வாறு பிறக்கும் விதை நம்ப முடியாத அளவு சிறியது. இன்றைய நிலையை எட்ட அது கோடி கோடி மடங்கு பெருக வேண்டியிருக்கலாம். கணக்குப் பார்த்தால், 47 தடவை இரட்டித்தால் போதும். வட்டிக்கு வட்டியின் வலிமை அது. எனினும் மண்டலத்தின் பெரிய டைனமோ ஒவ்வொரு இரட்டிப்புக்கும் கோடிக்கணக்கான ஆண்டுகளை எடுக்கும்.

இங்கேதான் தேட்டக் கட்சிக்கு இடையூறு ஏற்பட்டது. 2023 இல், சிலியின் அல்மா தொலைநோக்கியைக் கொண்டு, 1100 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் புறப்பட்ட ஒளியில் ஒரு மண்டலத்தின் காந்தப் புலம் காணப்பட்டது. பிரபஞ்சத்தின் வயது அப்போது 250 கோடி ஆண்டுகளே. அதற்குள் 16,000 ஒளியாண்டுகளுக்கும் மேலாக ஒழுங்குடன் பரந்த புலம் உருவாகியிருந்தது. கொந்தளிப்பால் இயங்கும் சிறு டைனமோக்கள் மிக வேகமாகக் காந்தத்தைப் பெருக்க வல்லவை. இறப்பர் வளையத்தை இழுத்து, முறுக்கி, மடித்து இரட்டையாக்குவது போல அவை செயற்படும் என்று ரஷ்யாவின் செல்டோவிச் விளக்கியிருந்தார். ஆனால் அவை தருவது சிக்கலான புலம். அந்தச் சிறு புலங்கள் பெரிய டைனமோவையே நெரித்துவிடக் கூடும் என்று 1990களில் பிரின்ஸ்டனின் றசல் குல்ஸ்றுட் எச்சரித்தார். சிக்கல் எப்படி இவ்வளவு விரைவில் ஒழுங்காயிற்று என்பதே இன்றைய ஆய்வாளர்களை வாட்டும் கேள்வி.

முதுசக் கட்சியும் எழுந்திருக்கிறது. மண்டலங்கள் எதுவுமற்ற வெறுவெளியில் காந்தம் இருந்தால், அது ஆதியிலிருந்தே வந்ததாகலாம். தொலைதூர மூலங்களிலிருந்து வரும் காமாக் கதிர்களில் இருக்க வேண்டிய ஒரு பகுதி வந்து சேரவில்லை என்பதை நெரோனொவ், வோவ்க் ஆகியோர் 2010 இல் சுட்டிக்காட்டினார்கள். வெறுவெளியிலுள்ள மிக மெல்லிய காந்தம் அதனைத் திசைதிருப்பியிருக்கிறது என்பது அவர்களது முடிவு. வேறு விளக்கங்கள் தருவோரும் உண்டு. அவர்களது முடிவு சரியானால், பிரபஞ்சத்தின் முதற் கணங்களில் நடந்தவற்றுக்கு இன்றும் அழியாத ஒரு சாசனம் எங்களிடம் இருக்கிறது என்றாகும். இந்த வழக்கின் உண்மையான பெறுமதி இதுதான். தென்னாபிரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் 2022 டிசெம்பரில் கட்டுமானப் பணிகள் தொடங்கிய எஸ்.கே.ஏ. தொலைநோக்கியின் முக்கிய நோக்கங்களுள் அண்டக் காந்தத்தின் தோற்றமும் ஒன்று.

மர்மம் துலங்கியது என்ற செய்திகள் ஏன் திரும்பத் திரும்ப வருகின்றன என்பதற்கு எனக்குக் கிடைத்த விடை இதுதான். விதை, வளர்ச்சி, ஒழுங்கு என்று மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஒவ்வொரு செய்தியும் ஒன்றுக்கு விடை சொல்லிவிட்டு மூன்றும் தீர்ந்ததாகத் தலைப்பிடுகிறது. வளர்ச்சி பெருமளவு புரிந்திருக்கிறது. ஒழுங்கு ஓரளவு புரிந்திருக்கிறது. விதை இன்னமும் வழக்கிலேயே இருக்கிறது.

தேசவழமையில் ஒரு நுட்பம் உண்டு. முதுசமாக வந்த காணி முதுசமே. ஆனால் மணவாழ்க்கையின் போது அக்காணியிலிருந்து கிடைத்த வருமானம் தேடிய தேட்டத்தைச் சேரும். எங்கள் பால்வீதியின் காந்தம் பற்றியும் இன்றைக்கு இந்த அளவிலேயே தீர்ப்பு எழுதலாம். விளைச்சல் தேடிய தேட்டம் என்பதில் பெரும்பாலோருக்கு ஐயமில்லை. அந்த விளைச்சலைத் தந்த காணியின் உறுதி மட்டும் இன்னும் கைக்கு வந்து சேரவில்லை.